ஹைப்ரிட் காரா, பெட்ரோல் காரா? என் எக்ஸெல் சொன்ன பொய்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் கொஞ்ச நாள் படம் பார்ப்போம், பாட்டுக் கேட்போம். பிறகு ஒருநாள் எக்ஸெலைத் திறப்போம். அதில் போடும் முதல் உருப்படியான கணக்கு பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரிய செலவைப் பற்றித்தான் இருக்கும். நான் பி.இ. முடித்து ஏழு வருடமாக சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். அப்படிப்பட்ட நான் போட்ட ஒரு எக்ஸெல் கணக்கை நம்பி, என் மாமா தன் ஓய்வுக்காலப் பணத்தில் சுமார் மூன்று லட்சம் ரூபாயைக் கூடுதலாகச் செலவழித்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மாமா திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். 2024-இல் ஓய்வு பெற்றார். மூட்டுவலி இருப்பதால் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் வேண்டும், கொஞ்சம் உயரமான சின்ன எஸ்.யு.வி. வேண்டும் என்றார். பெட்ரோலா, ஹைப்ரிட்டா என்பதுதான் கேள்வி. "மாப்ளே, நீ கம்ப்யூட்டர்ல இருக்கிறவன். பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

நானும் பல இணையதளங்களிலிருந்து காப்பி செய்து 64 வரிசைகளில் ஒரு ஷீட் தயாரித்தேன். எந்தக் கார் ஜெயிக்கிறதோ அந்த செல்லுக்குப் பச்சை வண்ணம். கடைசியில் ஹைப்ரிட் பக்கம்தான் பச்சை அதிகம். ஷீட் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இந்த மாதிரி ஷீட்டில் சன்ரூப்புக்கும் ஒரு வரிசை, காரின் விலைக்கும் ஒரு வரிசை. இரண்டுக்கும் ஒரே மதிப்பு! கம்பெனிகள் தரும் ஒப்பீட்டுப் பட்டியல்களும் இதே லட்சணம்தான். டிக் மார்க் எண்ணி கார் வாங்குவது, ஐகான் எண்ணி கம்ப்யூட்டர் வாங்குவது போன்றது.

மாமா வாங்கிய காரின் பெயர் இங்கே முக்கியமில்லை. விளக்குவதற்கு மாருதி கிராண்ட் விட்டாராவை எடுத்துக்கொள்கிறேன். ஒரே காரில் இரண்டு வகையும் கிடைப்பதால் ஒப்பிடுவது சுலபம். (இதன் இரட்டைப் பிறவியான டொயோட்டா ஹைரைடருக்கும் இதே கதைதான்.) 2022 செப்டம்பரில் இந்தக் கார் அறிமுகமானபோது ஆல்பா ஆட்டோமேட்டிக் பெட்ரோலின் எக்ஸ்-ஷோரூம் விலை 16.89 லட்சம். ஆல்பா பிளஸ் ஹைப்ரிட் 19.49 லட்சம். வித்தியாசம் 2.60 லட்சம்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெட்ரோல் காரையும் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்றுதான் சொன்னார்கள். அது மைல்டு ஹைப்ரிட். சிக்னலில் நின்ற இன்ஜினைத் திரும்பக் கிளப்பவும், வேகமெடுக்கும்போது லேசாகத் தள்ளிவிடவும் ஒரு சின்ன மோட்டார் உண்டு. அந்த மோட்டாரால் தனியாகக் காரை ஓட்ட முடியாது. 19.49 லட்சம் கார்தான் ஸ்ட்ராங் ஹைப்ரிட். மெதுவான வேகத்தில் இன்ஜின் அணைந்திருக்க, பேட்டரியில் மட்டுமே ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து அதே பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். வீட்டில் சார்ஜ் போட வேண்டியதில்லை.

அடுத்தது பவர். இன்ஜின் 92 பி.எஸ்., மோட்டார் 80 பி.எஸ். அப்படியென்றால் 172 என்று என் ஷீட்டில் கூட்டிப் போட்டிருந்தேன். தப்பு. இரண்டும் சேர்ந்து தருவது சுமார் 116 பி.எஸ். மட்டுமே. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. மோட்டாருக்கு அந்தச் சின்ன பேட்டரி தரக்கூடிய சக்திக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் இருக்கும் எண்களைப் பார்த்ததும் கூட்டிப் பார்க்கும் புத்தி நமக்குப் போகவே இல்லை.

இப்போது முக்கியமான மைலேஜுக்கு வருவோம். கம்பெனிக் கணக்கில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 20.58 கிலோமீட்டர், ஹைப்ரிட் 27.97. இந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் இவை ரோட்டில் எடுத்தவையும் இல்லை. சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, குறித்த கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளப்பார்கள். உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஏ.சி. ஓடாது. நம் ஊர் மே மாதத்தில் ஏ.சி. போடாமல் யார் ஓட்டுகிறார்கள்?

இன்னொன்று, மைலேஜை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள். 10-லிருந்து 15 ஆனாலும் 20-லிருந்து 25 ஆனாலும் 5 தான் வித்தியாசம் என்று தோன்றும். 100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். முதலாவதில் 3.33 லிட்டர் மிச்சம், இரண்டாவதில் 1 லிட்டர்தான் மிச்சம். ஏற்கெனவே நல்ல மைலேஜ் தரும் காரில் இன்னும் கூட்டினால் பர்ஸில் சேரும் பணம் குறைவு.

இனி எக்ஸெலைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். 64 வரிசை வேண்டாம், ஐந்தே எண்கள் போதும். விலை வித்தியாசம், பெட்ரோல் காரின் மைலேஜ், ஹைப்ரிட்டின் மைலேஜ், பெட்ரோல் விலை, மாதம் எத்தனை கிலோமீட்டர். ஒவ்வொன்றையும் தனித்தனி செல்லில் டைப் செய்யுங்கள். வெறும் எண்ணாக, 260000 என்று டைப் செய்ய வேண்டும். '2.60 லட்சம்' என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்து என்று நினைத்துக்கொள்ளும், கணக்கு வராது. இணையதளத்திலிருந்து காப்பி செய்தாலும் இதே தொல்லை வரும். கண்டுபிடிக்க ஒரு வழி: எண் செல்லின் வலது ஓரத்தில் உட்காரும், எழுத்து இடது ஓரத்தில் உட்காரும்.

பிறகு ஒரு புதிய செல்லில் சமக்குறி போட்டு, பெட்ரோல் விலையைப் பெட்ரோல் கார் மைலேஜால் வகுத்து, அதிலிருந்து பெட்ரோல் விலையை ஹைப்ரிட் மைலேஜால் வகுத்ததைக் கழியுங்கள். எண்களைத் திரும்ப டைப் செய்யாமல் அந்தந்த செல்லை மவுஸால் கிளிக் செய்தால் போதும். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று வரும். விலை வித்தியாசத்தை இந்த விடையால் வகுத்தால், போட்ட பணம் திரும்ப எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

விலை வித்தியாசத்தில் எக்ஸ்-ஷோரூம் விலையைப் போட்டது என் முதல் தப்பு. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 2023 நவம்பர் முதல் சாலை வரி 18 சதவீதம். 2.60 லட்சத்தோடு அதைச் சேர்த்தால் 3,06,800 ரூபாய். இன்ஷூரன்ஸ் தனி.

லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி மைலேஜ்படி கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 28 காசு மிச்சம். பணம் திரும்ப சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஹைப்ரிட் பேட்டரிக்குத் தரும் வாரண்டி 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். புரிகிறதா? வாரண்டி முடிந்த பிறகும் பணம் திரும்பியிருக்காது.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் கதையே வேறு. என் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் டாங்க்கை நிரப்பி, மறுபடி நிரப்பும்வரை ஓடிய தூரத்தை எழுதி வைக்கிறவர்கள். அந்த நெரிசலில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 12, ஹைப்ரிட் 22 தருகிறது. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 79 காசு மிச்சம், 81 ஆயிரம் கிலோமீட்டரில் பணம் திரும்பிவிடும். மாதம் 1,800 கிலோமீட்டர் ஓட்டும் அந்த ஹைப்ரிட் நண்பருக்கு நாலு வருடம்கூட ஆகாது. அவருக்கு ஹைப்ரிட்தான் சரி, சந்தேகமே இல்லை.

நான் மாமாவின் ஷீட்டில் போட்டது இந்தச் சென்னை எண்களைத்தான்! மாதக் கிலோமீட்டரிலும் நான் ஓட்டுகிற 1,500-ஐயே போட்டேன். "நாலு வருஷத்துல காசு திரும்பிடும் மாமா" என்றேன். அவரும் நம்பி ஹைப்ரிட் வாங்கினார்.

ஒரு வருடம் கழித்து போன் வந்தது. "மாப்ளே, நீ சொன்ன நாலு வருஷத்துல ஒண்ணு போச்சு. கால்வாசி காசு எங்கடா?" கணக்கு வாத்தியார் ஆயிற்றே, பெட்ரோல் போட்டதையெல்லாம் டைரியில் எழுதி வைத்திருந்தார். அவர் ஓட்டுவது மாதம் 700 கிலோமீட்டர். அதுவும் பெரும்பாலும் மதுரை நான்கு வழிச்சாலையில். அங்கே பிரேக்குக்கு வேலை இல்லை, ஒரே சீரான வேகம். ஹைப்ரிட்டின் வித்தை அங்கே பாதிதான் பலிக்கும். அவருக்குக் கிடைத்தது 21. பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே ரோட்டில் 17. இந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். 2 லட்சத்து 74 ஆயிரம் கிலோமீட்டர் வந்தது. மாமா போகிற வேகத்தில் 32 வருடம். அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும்.

அதைவிட உறுத்திய கணக்கு வேறு. வருடத்துக்கு அவர் பெட்ரோலில் மிச்சப்படுத்துவது சுமார் 9,400 ரூபாய். அந்த 3,06,800 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தாலே வருடம் 21 ஆயிரம் வந்திருக்கும். விற்கும்போது ஹைப்ரிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கலாம், மறுக்கவில்லை. சத்தமில்லாமல் ஓடுகிறது என்று அத்தைக்கும் காரைப் பிடித்திருக்கிறது. ஆனால் மாமா என்னிடம் கேட்டது சத்தத்தைப் பற்றியல்ல.

டிக்கி இடத்தையும் நான் கவனிக்கவில்லை. கிராண்ட் விட்டாராவில் பெட்ரோலுக்கு 373 லிட்டர், ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு 265 லிட்டர். பேட்டரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மாமாவின் காரிலும் இதே சங்கடம். அம்மாச்சியின் சக்கர நாற்காலியை மடித்து வைத்தால் ஒரு பெட்டிக்குக்கூட இடமில்லை. என் ஷீட்டில் அது 41-ஆவது வரிசை. 'விலைக்குச் சம்பந்தமில்லை' என்று ஹைடு செய்து வைத்திருந்தேன்.

நீங்கள் கணக்குப் போடும்போது நான் தந்த 2022 விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறிவிட்டது. 4 மீட்டரைத் தாண்டும் இந்த அளவுக் கார்களுக்குப் பெட்ரோலானாலும் ஹைப்ரிட்டானாலும் 40 சதவீதம்தான். ஷோரூமில் இரண்டு காருக்கும் ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுடைய இப்போதைய வண்டியின் மீட்டரை மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். மைலேஜுக்கு உங்கள் ஊரில், உங்கள் ரோட்டில் அந்தக் காரை ஓட்டுகிறவரைப் பிடித்துக் கேளுங்கள்.

மாமா இப்போது சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கிவிட்டார். வீட்டு மாடியில் சோலார் போடலாமா என்று யோசிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, "பார்முலாவை மட்டும் நீ சொல்லுடா, நம்பரை நான் போட்டுக்கிறேன்" என்றார்.