தலையெழுத்தா? புகையெழுத்தா?

நம் நாட்டில் ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் முன்னே, அதற்கு ஒரு சாமியையோ பாவத்தையோ கண்டுபிடித்துவிடுவது வழக்கம். பெரியம்மை வந்தால் ஆத்தாள் என்றார்கள். அம்மைக் குத்தும் ஊசி வந்தது. 1980-ல் அந்நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஆத்தாள் என்ன ஆனாள் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் புற்றுநோயை மாத்திரம் முன்ஜென்மக் கர்மம், தலையெழுத்து என்று சொல்வது இன்னும் போனபாடில்லை.

சமீபத்தில் வில்லாபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவ்வீட்டு அம்மாளுக்கு வாயில் மூன்று மாதமாய் ஆறாத புண். வெகுகாலமாய் வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். டாக்டரிடம் காட்டியதுண்டா என்று கேட்டோம். "குறி கேட்டாச்சுய்யா. முன்ஜென்மத்துப் பாவமாம். ஒரு மண்டலம் விளக்குப் போடச் சொல்லியிருக்காக" என்றார். பாலரெங்கபுரத்தில் புற்றுநோய்க்கென்றே அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது, அங்கிருந்து வெகுதூரமில்லை. புண் புற்றாக இருந்தால் மண்டலம் முடியட்டும் என்று காத்திருக்குமா?

எழுத்து ஒன்று இருப்பது மெய்தான். ஆனால் அது தலையில் இல்லை. உடம்பின் அநேகமாக ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிறது. நான்கே எழுத்துக்களை மாற்றி மாற்றி வைத்து, சுமார் 300 கோடி எழுத்து நீளத்துக்கு அமைந்தது. பிரமன் எழுதியதல்ல, தாயிடமிருந்து பாதியும் தகப்பனிடமிருந்து பாதியுமாக வந்தது. அதில் பதினேழாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீனுக்குப் பி53 என்று பெயர்.

அதன் வேலை என்னவெனில், கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி இருப்பதுபோல் உயிரணுவுக்கு அது காவல். கரையில் உடைப்புக் கண்டால் அவன் மடையை அடைக்கச் சொல்லி ஆட்களை ஏவுவான். அதுபோலவே உயிரணுவின் எழுத்துப் பழுதுபட்டால், பி53 மற்ற ஜீன்களை ஏவி, அணு இரண்டாகப் பெருகுவதை நிறுத்துகிறது; பழுது பார்க்கச் செய்கிறது; பார்க்க முடியாவிட்டால் அவ்வணுவையே மாளச் செய்கிறது. இக்காவல் கெட்டுவிட்டால் பழுதான அணு பெருகிக்கொண்டே போக வழி ஏற்படுகிறது. மனிதருக்கு வரும் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த ஜீன் கெட்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இதை 1979-ல் கண்டபோது, இது புற்றை உண்டாக்குவது என்றே விஞ்ஞானிகள் எண்ணினார்கள். 1989-ல் அது தடுப்பது என்று ருசுவானதும், முன் சொன்னது பிசகு என்று ஒப்புக்கொண்டார்கள். நம் சாஸ்திரக்காரர்கள் ஆயிரம் வருஷத்தில் ஒரு பிசகையாவது இப்படி ஒப்புக்கொண்டதுண்டா?

காவலைக் கெடுப்பது எது என்பதும் தெரிந்திருக்கிறது. புகையிலைப் புகையிலுள்ள ஒரு நஞ்சு, நுரையீரல் புற்றில் பி53 எந்த இடங்களில் கெட்டிருக்கிறதோ அந்த இடங்களிலேயே போய் ஒட்டிக்கொள்ளுகிறது என்று 1996-ல் காட்டினார்கள். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் நஞ்சு, ஈரல் புற்றில் அதன் ஒரு குறிப்பிட்ட எழுத்தை மாற்றிவிடுகிறது. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான கிருமி, பி53 செய்யும் புரதத்தையே அழித்துவிடுகிறது. அக்கிருமிக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. இவற்றில் முன்ஜென்மம் எங்கே வந்தது? பீடிக்கட்டையும் பூஞ்சணக் கடலையையும் போன ஜென்மத்திலா வாங்கினோம்?

சிலர், "பழக்கம் எதுவும் இல்லாதவனுக்கும் வருகிறதே" என்பார்கள். வருகிறது. அணு பெருகும்போது எழுத்துப் பிசகுவது தற்செயலாகவும் நேரும். சில குடும்பங்களில் கெட்ட பி53 பரம்பரையாகவே வருகிறது என்று 1990-ல் கண்டார்கள். அது பெற்றோர் செய்த பாவமல்ல. நகல் எடுப்பதில் நேர்ந்த பிழை. நோயாளியைக் குற்றவாளி என்பது கர்மக்காரனின் வேலை, நம்முடைய வேலையல்ல. புகையிலை போட்டவரையுங்கூட வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டுமேயொழிய வைதுகொண்டிருக்கக் கூடாது.

மற்றொன்று. இந்த ஜீன் எல்லா ஜாதியாருக்கும் அதே பதினேழாவது இடத்தில்தான் இருக்கிறது. பார்ப்பனருக்கு ஒன்று, பஞ்சமருக்கு ஒன்று என்று கிடையாது. மனிதனுக்கு ஒரே சோடி இருக்க, யானைக்குச் சுமார் 20 சோடி இருப்பதாக 2015-ல் கண்டார்கள். பிறவியில் உயர்ந்தவர் என்று யாரையாவது சொல்லித்தான் தீரவேண்டுமென்றால் யானையைச் சொல்லலாம்!

தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அம்மையார் அதை விதி என்று அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். விதியை நம்பியிருந்தால் அங்கு இன்று ஒரு குடிசைகூட இருந்திராது.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுவதெல்லாம் இதுதான். ஆறாத புண்ணோ, மார்பில் கட்டியோ, காரணமில்லாத உதிரப்போக்கோ கண்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த வாரமே வைத்தியசாலைக்குப் போங்கள்; பக்கத்து வீட்டாரையும் கூட்டிப்போங்கள். வில்லாபுரத்து அம்மாள் மறுநாளே மகனோடு போய்க் காட்டினார். சதை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. எதுவானாலும், குறிசொன்னவர் கொடுத்த 48 நாளையும் அவர் வைத்தியத்துக்கென்று மீட்டுக்கொண்டார்.