வள்ளுவரைப் பார்க்க ஒரு வாரம் பொறு!

சில வருஷங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி நாள் காலை. அப்பாவையும், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போனேன். வள்ளுவர் சிலையின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 2000 ஜனவரி 1-ல் சிலை திறந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

விவேகானந்தர் பாறையோடு படகு நின்றுவிட்டது. கடல்மட்டம் தாழ்வாம். சிலைப் பாறையருகே படகு தட்டுமாம். அப்பா முகம் வாடிவிட்டது. "இனி எப்ப வரப்போறேன் மக்களே" என்றார்.

அந்த வாரம்தான் மகள் கணக்கில் மதிப்பெண் குறைந்து, "வேற குரூப் மாறிக்கிறேன்மா" என்று அழுதிருந்தாள். அவளைப் படுத்திய பாடம் சைன் வரைபடம். வீட்டுக்கு வந்ததும், "கடல் ஏறி இறங்குறதும் அந்த வளைவுதானே? தாத்தா எப்ப போகலாம்னு போட்டுப் பாரேன்" என்றேன்.

அந்த வளைவை நான்கு எண்கள் ஆட்டிவைக்கின்றன. முதல் எண் நடுமட்டம். அதைக் கூட்டினால் படம் முழுவதும் மேலே போகும், வடிவம் மாறாது. இரண்டாவது வீச்சு. நடுமட்டத்திலிருந்து எவ்வளவு ஏறும், இறங்கும் என்பது அது. மூன்றாவது வேகம். பிள்ளைகள் தப்பு பண்ணுவது இங்கேதான். இந்த எண் கூடினால் வளைவு விரியாது, நெருங்கும். 360 பாகையை அதனால் வகுத்தால் ஒரு சுற்றுக்கான நேரம் கிடைக்கும். நான்காவது கட்டம். வளைவை இடமோ வலமோ நகர்த்துவது அது.

இனி கடலுக்கு வருவோம். நிலா இழுக்கும் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சுற்று சுமார் 12 மணி 25 நிமிடம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 29 பாகை. சூரியனுடையது 12 மணி நேரம், மணிக்கு 30 பாகை. இரண்டு வளைவுகளையும் கூட்டினால் கடல். மணிக்கு ஒரு பாகைதான் வித்தியாசம். அது 360 ஆகச் சேர ஏறக்குறைய 15 நாள்! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், வீச்சு பெரிது. நடுவில் அஷ்டமியை ஒட்டி ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், வீச்சு சிறிது.

மகள் நோட்டில் வரைந்து பார்த்தாள். தாழ்வு நேரம் தினமும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்குத் தாழ்வு என்றால், அடுத்த வாரம் அதே எட்டு மணிக்கு ஏற்றம். வீச்சும் சிறிது என்பதால் மதியத் தாழ்வுகூட அவ்வளவு தாழாது. "ஒரு வாரம் பொறுங்க தாத்தா" என்றாள்.

காற்றும் கொந்தளிப்பும் இந்தக் கணக்கில் வராது. அந்தப் பயத்தோடுதான் போனோம். கடல் அடங்கியிருந்தது. படகு போனது. அப்பா பாதத்தைத் தொட்டார். அப்புறம் பேத்தியின் தலையைத் தொட்டார். அதன்பிறகு குரூப் மாறும் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

2024 டிசம்பர் 30-ல் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தாயிற்று. இப்போது பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே போகலாம். போகும்போது பிள்ளைகளைப் பாலத்தில் நிறுத்தி, கீழே பாறையில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மீதி வளைவை அவர்களே வரைந்துவிடுவார்கள்.