ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்: அதுவும் நம் உரிமைதான்

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி, ஈரல் கெட்டது என்றால் குடி. நம் ஊர்களில் பேச்சு இந்த இரண்டைத் தாண்டுவதில்லை. அதிலும் கெட்டது சேரிக்காரரின் ஈரல் என்றால், சோதனைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "குடிச்சுக் கெடுத்திருப்பான்." ஒரு சொட்டும் குடிக்காதவரின் உடம்பிலும் புகுந்து, இருபது முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும் கிருமி ஒன்று உண்டு. அதன் பெயர் ஹெபடைடிஸ் சி.

இது சோற்றிலும் தண்ணீரிலும் தொடுவதிலும் பரவாது. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் வரும். சரியாகப் பரிசோதிக்காமல் ஏற்றிய ரத்தம், பலருக்கும் போட்ட ஒரே ஊசி, பச்சை குத்தும் ஊசி, பொதுச் சவரக் கத்தி ஆகியவை அதன் வழிகள். குப்பையில் கிடக்கும் மருத்துவ ஊசி குத்தினாலும் வரலாம். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் விடியற்காலையில் குப்பையைப் பிரிக்கும் கைகள் எந்தத் தெருக்களிலிருந்து வருகின்றன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருத்துவமனைக் கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது. அதனால் பரிசோதனை இன்னும் முக்கியம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை விற்பனைக்கு வந்தபோது, 12 வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 டாலர். பிறகு இந்திய நிறுவனங்கள் அதையே மலிவாகத் தயாரித்தன. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இந்தச் சிகிச்சை இலவசம். சொன்னபடி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிருமி முற்றிலும் நீங்கிவிடுகிறது.

நாம் பேச வந்தது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. கிருமி போனதும், "இனிமே ஒண்ணுமில்ல" என்று மருந்துச் சீட்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் ஈரல் ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கிவிட்டவர்களுக்கு, அதாவது மருத்துவர் 'சிரோசிஸ்' என்று எழுதியவர்களுக்கு, அது சரியில்லை. கிருமி போனாலும் தழும்பு உடனே போகாது. அந்தத் தழும்பில்தான் புற்றுநோய் முளைக்கிறது. இப்படிக் குணமானவர்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு ஈரல் புற்றுநோய் வரக்கூடும். பத்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் அது சின்ன எண் அல்ல.

இதைக் கேட்டு யாரும் மாத்திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஈரல் புற்றுநோய் ஒருமுறை வந்து நீங்கியவர்களுக்கு இந்த மருந்துகள் மறுபடி அதைத் தூண்டுகின்றனவோ என்று 2016-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் ஐயம் எழுப்பியது உண்மை. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 22,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. கிருமி நீங்காதவர்களோடு ஒப்பிட்டால், நீங்கியவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. எனவே மாத்திரை அவசியம். சிரோசிஸ் உள்ளவருக்கு மாத்திரைக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு வயிற்று ஸ்கேனும் அவசியம். ஈரல் புற்றுநோய் தொடக்கத்தில் வலிக்காது. சிறு கட்டியாக இருக்கும்போது பிடித்தால் வெட்டியோ சுட்டோ அழிக்கலாம். வயிறு வீங்கிய பிறகு வந்தால் மருத்துவர் கையிலும் அதிகம் இருக்காது.

அந்த ஸ்கேனுக்கு என்ன தடை? உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ மேலூர்ப் பக்கத்திலிருந்தோ பெரியாஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு விடுப்பு எடுத்தால் சம்பளம் போச்சு. உடம்பு நன்றாக இருக்கும்போது கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் யார் போவார்கள்? இதை 'விழிப்புணர்வு இல்லை' என்று நம் மக்கள் தலையில் கட்டுவது எளிது.

நாம் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. சிகிச்சை முடிந்து அனுப்பும்போது, சிரோசிஸ் உண்டா இல்லையா, அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி என்று தமிழில் எழுதிய அட்டை கொடுங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் பட்டியலில் இந்த ஸ்கேன் தேதியையும் சேருங்கள். தூய்மைப் பணியாளரின் ஆண்டுப் பரிசோதனையில் பி, சி இரண்டையும் சேருங்கள். ஸ்கேன் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சை எடுத்திருந்தால் பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். 'சிரோசிஸ்' என்று இருந்தால், எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் ஸ்கேன் கேளுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: குணமான பிறகும் 'ஆன்டிபாடி' சோதனை வாழ்நாள் முழுக்க 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அதைக் காட்டி ஒருவரை நோயாளி என்று ஒதுக்கினால் அது பொய். கிருமி இருக்கிறதா என்பதை 'ஆர்.என்.ஏ.' சோதனைதான் சொல்லும். குணமானவருக்கு மறுபடி தொற்றவும் கூடும் என்பதால் கையுறையும் காலணியும் என்றைக்கும் வேண்டும். ஈரல் சுருங்கியவர் குடியை அறவே விட வேண்டும். அதை அவர் உயிருக்காகச் சொல்வோம், அவர் சாதியைக் குத்துவதற்காகச் சொல்ல வேண்டாம்.

இலவச மாத்திரை நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிந்தைய ஸ்கேனையும் கேட்டு வாங்குவோம்.