முதுகுரலை மேடையேற்றலாமா?

ஆடித்திங்கள் பிறந்துவிட்டால் இராயபுரம் தொட்டு எண்ணூர் வரையில் தெருவுக்கொரு பந்தல் எழும். பந்தலுக்கொரு மேடை எழும். மேடையின் இருபுறமும் ஆள் உயரத்தை விஞ்சி ஒலிபெருக்கிப் பெட்டிகள் எழும். பகலில் கூழ் வார்ப்பர். இரவில் பாட்டரங்கு நடத்துவர். காசிமேட்டு மீனவரும், துறைமுகத்துச் சுமை தூக்குநரும், ஆலைகளில் முறைமாற்றி உழைத்து மீளும் தொழிலாளரும் குடும்பத்தோடு அமர்ந்து கேட்கும் அரங்குகள் அவை. இவற்றில் ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. ஐம்பதாண்டுகட்கு முன்பு நாடெங்கும் ஒலித்த குரல்களுக்கு உரியவர்களை, எண்பது அகவையை எட்டிய பின்னரும் அழைத்துவந்து மேடையேற்றுவதே அது. அது தக்கதா, தகாததா?

தமிழ்க் கொள்கை பேசும் இதழில் பாட்டரங்கைப் பற்றிய பேச்செதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஓர் இனம் தன் முதியோரை எவ்வாறு நடத்துகிறது என்பது அவ்வினத்தின் பண்பாட்டை அளக்கும் கோலாகும். அன்றியும், எழுத்தறியாத தாய்மாரின் செவியிலும் ழகரத்தையும் றகரத்தையும் பிழையறப் பதியவைத்தவர்கள் பாடகர்களே. கொடுமுடி சுந்தராம்பாளும், சீர்காழி கோவிந்தராசனும், சௌந்தரராசனும் தமிழ் ஒலிப்புக்கு ஆற்றிய தொண்டு, பள்ளியில் முப்பதாண்டு இலக்கணம் நடத்திய என் போன்றோர் ஆற்றிய தொண்டினும் பெரிது. அத்தகையோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு யாது என்பதே கேள்வி.

முதற்கண் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகட்கு முன்பு எங்கள் தெரு விழாக்குழுவில் நானும் இருந்தேன். முதிய பாடகர் ஒருவரை அழைக்கலாம் என்று முன்மொழிந்தவனும் நானே. அவர் பெயரைச் சொல்லேன். சொன்னால் அவர்க்கு இழுக்கு. ஏழு மணிக்கு அரங்கு என்று சுவரெங்கும் ஒட்டினோம். பொன்னாடைகளும் பாராட்டுரைகளும் முடிந்து, அவர் ஒலிவாங்கியின் முன் நின்றபோது பத்தரை மணி. கடற்காற்றும் பனியும் தொண்டையைக் கட்டிக்கொண்டன. நெடுஞ்சாலையில் சரக்குப்பெட்டக ஊர்திகள் ஊதியவாறே சென்றன. பின்னணி இசையோ முன்னரே பதிவு செய்யப்பட்டது. முப்பதாம் அகவையில் அவர் பாடிய அதே கட்டையில் அது ஓடிற்று. உச்சியடியை எட்டும்போது குரல் பிளந்தது. முன்வரிசை இளைஞர் சீழ்க்கையடித்தனர், சிலர் சிரித்தனர். அவர் கைகூப்பிவிட்டு இறங்கினார். மேடைக்குப் பின்னால், தார்ப்பாய் மறைவில் அமர்ந்து, என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "வாத்தியார் ஐயா, ஒரு கட்டை இறக்கச் சொன்னேனே, யாரும் கேட்கவில்லையே?"

அந்த வினாவுக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. அன்றிரவு ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் எங்கள் குழு தந்த வாடகை, அவர்க்குத் தந்ததைப்போல் இருமடங்கு என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அன்று முதல் இதனைப் பற்றிப் பலரிடம் பேசியுள்ளேன். ஒருசாரார், "முதுமை வந்தால் பாட்டை நிறுத்திவிட வேண்டும், பழைய பதிவுகள் இருக்கின்றன, இந்த நடுங்கும் குரலைக் கேட்டு நினைவில் உள்ள குரலையும் கெடுத்துக்கொள்வானேன்?" என்பர். மற்றொரு சாரார், "உயிருள்ளவரை பாடட்டும், அவரைக் கண்ணாற் கண்டாலே போதும்" என்பர். இருசாரார் கூற்றும் எதிரெதிரானவை போல் தோன்றினும் வேர் ஒன்றே. இருவரும் தத்தம் செவியையும் கண்ணையுமே எண்ணினர். பாடுவாரின் தொண்டையையும் நெஞ்சையும் எண்ணினாரிலர்.

முதுமை குரலை என்ன செய்கிறது? குரல்வளையின் மடிப்புகளில் தசை மெலிந்து நெகிழ்ச்சி குன்றுகிறது. சுற்றியுள்ள குருத்தெலும்பு இறுகுகிறது. நுரையீரல் கொள்ளும் மூச்சு குறைகிறது. ஆகவே மேல்நிலை எட்டுவதில்லை. நீண்ட கார்வை நிற்பதில்லை. விரைந்த உருட்டல்கள் வழுக்குகின்றன. ஆயின், எஞ்சி நிற்பவை எவை? சொல்லைப் பொருளறிந்து பிரிக்கும் திறம் எஞ்சி நிற்கிறது. பண்ணின் உருவமும் தாளத்தின் நடையும் எஞ்சி நிற்கின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்னும் அறிவு முன்னினும் மிகுகிறது. எனவே முதுகுரல் அழிந்த குரலன்று, வேறு குரல். அதற்கு வேறு கட்டை வேண்டும், வேறு காலம் வேண்டும், வேறு அரங்கு வேண்டும். முப்பதின் அளவுகோலை எண்பதின்மேல் வைத்து அளப்பதே நம் பிழை.

நம் மரபு இதனை அறியாததன்று. எங்கள் திருவொற்றியூர் தேவார மூவராலும் பாடப்பெற்ற ஊர். அம்மூவருள் திருநாவுக்கரசர் எண்பத்தோர் அகவை வாழ்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. ஊரூராக நடந்து முதுமையிலும் பாடியவர் அவர். திருமறைக்காட்டில் அடைத்துக்கிடந்த கதவைத் திறக்க அவர் பாடியதையும், மீண்டும் அடைக்க இளஞ்சிறாரான ஞானசம்பந்தர் பாடியதையும் சேக்கிழார் விரிவாகச் சொல்கிறார். முதியவர் பதிகம் முழுவதும் பாடவேண்டியிருந்தது. இளையவர்க்கு முதற்பாட்டிலேயே கதவு அடைத்தது. நாவுக்கரசர் அதை எண்ணி வருந்தினார். ஆயின் அவரை யாரும் எள்ளவில்லை. சம்பந்தரோ அவரை "அப்பர்" என்றழைத்தவர். அந்தப் பெயரே இன்றும் நிலைத்துள்ளது. இளையோர் முதியோரைத் தந்தை என்றழைத்து உடன் நடந்ததே நம் இசைமரபு. முன்வரிசையில் அமர்ந்து சீழ்க்கையடித்தது அன்று.

இன்னும் அண்மைக்கு வருவோம். பாரிமுனைக்கு அருகில், துறைமுகத்தை ஒட்டிய சார்ச்சு நகர்ப் பகுதியில் வாழ்ந்தவர் வீணை தனம்மாள். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தார். முதுமையில் கண்ணொளி பெரிதும் மங்கிவிட்டது, வறுமையும் வாட்டிற்று. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் தம் இல்லத்தில் வாசிப்பார். இசை வல்லுநர்களே அங்குச் சென்று தரையில் அமர்ந்து, மூச்சுவிடும் ஒலியும் கேளாதவாறு கேட்டனர். ஒலிபெருக்கி இல்லை, பொன்னாடை இல்லை. அவர் ஊரைத் தேடிப் போகவில்லை. ஊர் அவரைத் தேடிச் சென்றது. முதிய கலைஞர்க்கு ஏற்ற அரங்கு எத்தகையது என்பதற்கு வடசென்னையே அன்று விடை தந்துவிட்டது. நாம்தாம் மறந்துவிட்டோம்.

தமிழிசைச் சங்கத்தாரின் பண்ணாராய்ச்சியும் இவ்வகையில் எண்ணத்தக்கது. 1943-இல் தோன்றிய அச்சங்கம் 1949 முதல் தேவாரப் பண்களை ஆராயத் தொடங்கியது. பாரிமுனையிலுள்ள அரசர் அண்ணாமலை மன்றம் அதன் இருப்பிடம். ஆராய்ச்சியில் ஓதுவார்கள் பாடிக்காட்ட, இசையறிஞர் கேட்டு ஆய்ந்தனர். அங்கே முதிய குரல் காட்சிப் பொருளாக வைக்கப்படவில்லை; ஊற்றாக மதிக்கப்பட்டது. குரல் இனிமையாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பண் செம்மையாக இருக்கிறதா என்றே கேட்டனர்.

திரையிசையிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்காக இரகுமான் இசையமைத்த பாடலில், எண்பத்தெட்டு அகவையான சௌந்தரராசன் பாடினார். முழுப்பாடலையும் அவர் தோளில் ஏற்றவில்லை. அவர் பாடியது சிறு பகுதியே. எஞ்சியவற்றை இளையோர் பலர் ஏந்திச் சென்றனர். அவர் எடுத்துக்கொடுக்க இவர்கள் தொடர்ந்தனர். முதுமைக்கு மதிப்பும் கிடைத்தது. பாட்டுக்கு நிறைவும் கிடைத்தது.

நிறுத்திக்கொண்டவர்களையும் போற்ற வேண்டும். ம. ச. சுப்புலட்சுமி 1997-இல் தம் கணவர் மறைந்தபின் பொதுமேடையில் பாடுவதை விட்டுவிட்டார். எசு. சானகி 2017 அக்தோபரில் மைசூரில் நடந்த அரங்கோடு மேடைப்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். செம்மங்குடி சீனிவாசரோ தொண்ணூறைக் கடந்தும் பாடினார். இளையராசா எண்பத்தோர் அகவையில், 2025 மார்ச்சு 8-ஆம் நாள், இலண்டனில் தம் கூட்டிசைப் படைப்பை அரங்கேற்றினார். இசை யாக்கும் உள்ளம் தொண்டையைப்போல் மூப்படைவதில்லை போலும். இவர்களுள் எவர் செய்தது சரி என்று கேட்பது பொருந்தாது. ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்தனர். அதுவே சரி.

வெளியுலகிலிருந்தும் ஒரு சான்று காட்டுவேன். கட்டலோனிய இனத்தவரான பாப்லோ கசால்சு, செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியில் இணையற்றவர். கொடுங்கோலன் பிராங்கோவின் ஆட்சியில் வாசிக்க மறுத்து, தாய்நாட்டை விட்டு வெளியில் வாழ்ந்தவர். 1971 அக்தோபர் 24-இல், தொண்ணூற்று நான்கு அகவையில், நியூயார்க்கில் ஒன்றிய நாடுகள் அவையில் அவர் வாசித்தார். எதை வாசித்தார்? தம் இனத்தார் வழிவழியாகப் பாடிவந்த, பறவைகளைப் பற்றிய ஒரு சிறு நாட்டுப்பாட்டை. இளமையின் விரைவை அவ்விரல்களில் யாரும் தேடவில்லை. நாடிழந்த ஒரு முதியவர், தம் மக்களின் பாட்டை உலகத்தின் முன் வைத்தார் என்பதே அங்கு நிகழ்ந்தது. அத்தகைய மேடைக்கு அகவை தடையாகுமா?

ஆகவே, முதியோர் பாடலாமா என்பது தவறான கேள்வி. எதற்காகப் பாடுகிறார், எவ்வாறு பாடவைக்கிறோம் என்பவையே சரியான கேள்விகள். உள்ளம் உந்தப் பாடுவாராயின் யார் தடுப்பது? வயிறு உந்தப் பாடுவாராயின் அது நம் அனைவர்க்கும் இழுக்கு. மதுரையை அடுத்த பரவையைச் சேர்ந்த முனியம்மா நாட்டுப்பாடலைத் திரைக்கும் கொண்டுசென்றவர், 2020-இல் மறைந்தார். அதற்கு ஐந்தாண்டு முன்பே நோயும் வறுமையும் சூழ்ந்து, அரசு அவர்க்கென வைப்புத்தொகை இட்டு மாதவருவாய்க்கு வழிசெய்ய வேண்டியதாயிற்று. புகழ்பெற்றவர் நிலையே இதுவாயின், பெயர் அறியப்படாதோர் நிலை என்ன? நலிந்த கலைஞர்க்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக அரசு வழங்கும் தொகை அண்மை ஆண்டுகளில் மாதம் 3,000 உருவா. அதை வைத்து இற்றை விலைவாசியில் மருந்து வாங்குவதா, அரிசி வாங்குவதா? எங்கள் பகுதியில் சாவு வீடுகளில் இரவெல்லாம் விழித்துக் கானா பாடிய முதியோர் எத்தனையோ பேர். பாடுபொருளும் மெட்டும் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் மறையும்போது அவையும் மறைகின்றன.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். இன்னும் பத்துப் பாட்டுப் பாடினால் தருவேன் என்று அவன் பேரம் பேசினானா? புலமை நெடுநாள் வாழவேண்டும் என்று தந்தான். பரிசில் என்பதன் பொருள் அதுவே. அது கூலியன்று.

விழா எடுக்கும் அன்பர்கட்கு நான் வேண்டுவன சிலவே. பாடுவதும் பாடாதிருப்பதும் அவர் விருப்பம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாடாவிடினும் அதே தொகை உண்டென்று சொல்லுங்கள். தொகையை மேடையேறுமுன் கையில் கொடுங்கள். மாலை ஏழு மணிக்கெனின் ஏழு மணிக்கே தொடங்குங்கள். ஆடைகளையும் பாராட்டுகளையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பதிவிசையை விலக்கி, உயிருள்ள இசைஞர்களை உடன் அமர்த்தி, அவர் கேட்கும் கட்டையில் இசைக்கச் செய்யுங்கள். மூன்று மணி நேரம் வேண்டா, அரைமணி போதும். அருகில் இளையோர் இருவரை அமர்த்துங்கள். அவர் விட்ட அடியை அவர்கள் எடுத்துப் பாடட்டும். அவர் இசைந்தால் பாடுவதையும் பேசுவதையும் பதிவு செய்து வையுங்கள். திறந்தவெளித் தெருவினும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு படிப்பகம், ஒரு சிறு மண்டபம் நன்று. ஒலிபெருக்கி வாடகையில் பாதியைக் குறைத்தாலே இவையெல்லாம் கைகூடும்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். மறு ஆண்டு அதே பெரியவரின் இல்லத்திற்குச் சென்று பிழை பொறுக்குமாறு வேண்டினேன். என் மாணாக்கர் எண்மர் உடன் வந்தனர். அவர் தரையில் பாய் விரித்து அமர்ந்து, தமக்கு ஏற்ற கட்டையில் நான்கு பாட்டுப் பாடினார். மூன்றாம் பாட்டில் மூச்சு நின்றது. மாணாக்கி ஒருத்தி அவ்வடியை மெல்ல எடுத்துப் பாடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். அடுத்த அடிக்குத் தாமே வந்து சேர்ந்துகொண்டார். அன்று சீழ்க்கையடித்தவர் எவரும் இல்லை.

தமிழ் நெஞ்சங்களே! அடுத்த விழாவுக்குச் சுவரொட்டி அச்சிடுமுன், யாரை அழைக்கின்றீர்களோ அவர் இல்லத்திற்கு ஒருமுறை சென்றுவாருங்கள். பாடுகிறீர்களா என்று கேட்குமுன், உண்டீர்களா என்று கேளுங்கள். அதன் பின்னரும் அவர் பாட விரும்பினால், கட்டையை இறக்கி வைத்துக் காத்திருங்கள்.