முந்திச் சொல்வதா, உண்மையைச் சொல்வதா?

மாணவர்களே, 'மக்கள் தொடர்பு அதிகாரி' என்றவுடன் உங்கள் மனத்தில் தோன்றுவது யார்? நிருபர்களிடம் பத்திரிகைச் செய்தியை நீட்டுபவரா? தம் நிறுவனத்தைப் பற்றி எப்போதும் நல்லதையே பேசுபவரா? "இதற்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம், ஆசிரியரே?" என்றுகூட நீங்கள் கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. இணையமும் சமூக ஊடகமும் இந்தத் தொழிலைத் தலைகீழாகப் புரட்டிவிட்டன. இனி வேகம்தான் எல்லாம், யார் முந்திச் சொல்கிறாரோ அவரே வெல்வார் என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேகத்தில் பொய்யோடு போட்டியிட்டு உண்மை வெல்வது அரிது. மக்கள் தொடர்புப் பணி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், அது அறிவியல் ஆய்வுக்கூடத்திடம் பாடம் கற்க வேண்டும்.

அன்று நாள்கள், இன்று நிமிடங்கள்

1906 அக்டோபர் 28-ஆம் நாள் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் மின்சார ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கால நிறுவனங்கள் இத்தகைய விபத்துகளை மூடி மறைக்கவே பார்க்கும். ஆனால், பென்சில்வேனியா ரயில் நிறுவனத்திற்காகப் பணியாற்றிய ஐவி லீ என்பவர், நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களையும் விபத்து நடந்த இடத்திற்கு அழைத்தார். நியூயார்க் டைம்ஸ் அவர் எழுதியதை அப்படியே அச்சிட்டது. உலகின் முதல் பத்திரிகைச் செய்தி அறிக்கை என்று அதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். அவருக்கு யோசித்து எழுத நேரம் இருந்தது. மக்களைச் சென்றடைய நாளிதழ் என்ற ஒரே வாசல்தான் இருந்தது.

இப்போது 2017 ஏப்ரல் 9-க்கு வாருங்கள். சிகாகோ விமான நிலையம். யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில், தன் ஊழியர் நால்வருக்கு இடம் தேவை என்று நிறுவனம் சில பயணிகளை இறங்கச் சொன்னது. மறுத்த ஒருவரை விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கையிலிருந்து இழுத்துச் சென்றனர். சக பயணிகள் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தனர். மறுநாள் தலைமை அதிகாரி ஓர் அறிக்கை விட்டார். பயணிகளுக்கு வேறு ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு வருந்துவதாக அதில் இருந்தது. ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமோ, அந்தப் பயணிதான் முரண்டு பிடித்தார் என்ற தொனியில் அமைந்தது. அதுவும் வெளியே கசிந்தது. உலகமே காணொளியைப் பார்த்துவிட்டிருந்தது. அதில் கண்டதும் அறிக்கையில் படித்ததும் ஒத்துப்போகவில்லை. ஏப்ரல் 11 அன்று அவர் முழுமையான மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கவனியுங்கள்: அவர் தாமதமாகப் பேசியதால் மாட்டிக்கொள்ளவில்லை. மறுநாளே பேசிவிட்டார். கண்ணால் கண்டதற்குப் பொருந்தாத ஒன்றைச் சொன்னதால்தான் மாட்டிக்கொண்டார். ஆய்வில் கிடைத்த தரவுக்கு முரணாக முடிவு எழுதினால் உங்கள் ஆசிரியர் என்ன செய்வார்? சிவப்பு மையால் வட்டமிடுவார். இங்கே வட்டமிட்டவர்கள் கோடிக்கணக்கானோர்.

அழித்தாலும் அழியாதது

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 மார்ச் 18-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அம்மாத இறுதியில் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு சமூக ஊடகத்தில் சில சுவரொட்டிகளை வெளியிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், கணவரிடம் டோரேமோன் குரலில் கொஞ்சிப் பேசலாம் என்பது போன்ற ஆலோசனைகள் அவற்றில் இருந்தன. கண்டனம் குவிந்தது, வெளிநாட்டு ஊடகங்களும் எழுதின. சுவரொட்டிகள் நீக்கப்பட்டன, மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால், அதற்குள் எத்தனையோ பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள். இன்று தேடினாலும் அந்தப் படங்கள் கிடைக்கும்.

அன்று ஒலிபெருக்கி நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்தது. இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. இந்தச் சமநிலையை நான் வரவேற்கிறேன். ஆனால், ஒலிபெருக்கி கிடைத்த எல்லாரும் உண்மையைத்தான் பேசுகிறார்களா?

எண்கள் சொல்வது என்ன?

2018-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறத்தாழ 126,000 செய்திகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளே காரணம் என்று நினைக்கிறீர்களா? அவை இரண்டையும் ஒரே அளவில்தான் பரப்பின. வேறுபாட்டுக்குக் காரணம் மனிதர்கள். பொய்யில் புதுமையும் வியப்பும் அதிகம். கை தானாகப் பகிரும் பொத்தானுக்குப் போகிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஐந்து பேருக்குப் புலனத்தில் ஒரு செய்தியை அனுப்புகிறார். அந்த ஐவரும் தலா ஐந்து பேருக்கு அனுப்புகிறார்கள். 5, 25, 125, 625, 3,125... ஆறாவது படியில் 15,625 பேர். ஒரு படிக்குப் பத்து நிமிடம் என்றால், ஒரே மணி நேரம்! தலா ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடிந்தால்? அதே ஒரு மணி நேரத்தில் வெறும் ஆறு பேர். தொற்றுநோய் பரவுவதற்கும் இதற்கும் கணிதம் ஒன்றுதான். 2020 ஏப்ரலில் புலனம் செய்ததும் இதைத்தான். பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டும் அனுப்பும்படி கட்டுப்படுத்தியது. அத்தகைய பகிர்வுகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது.

இயந்திரத்துக்குக் கிண்டல் புரியுமா?

இந்தப் பெருவெள்ளத்தை மனிதக் கண்ணால் படித்து முடிக்க இயலாது. ஆகவே, மக்கள் தொடர்பு நிறுவனங்கள் 'உணர்வுப் பகுப்பாய்வு' என்னும் மென்பொருளை நாடுகின்றன. ஒவ்வொரு கருத்தையும் படித்து, இது பாராட்டு, இது புகார் என்று அது வகைப்படுத்தும். பிறகு வண்ண வண்ண வரைபடம் வரும். மேலதிகாரி மகிழ்வார்.

ஆனால், இதைப் படியுங்கள்: "பெஸ்ட்லா உங்க சேவை! மூணு மணி நேரம் நின்னு சும்மா வீட்டுக்கு வந்தேன்." நீங்கள் சிரித்துவிட்டீர்கள். 'பெஸ்ட்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும் மென்பொருளோ இதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்துவிடும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. புதிய மென்பொருள்கள் முன்னேறியிருக்கின்றன. எனினும், எண்ணுவது வேறு, கேட்பது வேறு. எத்தனை பேர் திட்டினார்கள் என்று வரைபடம் சொல்லும். ஏன் திட்டினார்கள் என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தால்தான் தெரியும்.

ஆய்வறிக்கையைப் போல ஓர் அறிக்கை

"உண்மை தெரியும்வரை வாய்மூடி இருக்க வேண்டுமா? அதற்குள் வதந்தி ஊரைச் சுற்றிவிடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மௌனம் வதந்திக்குப் பாய் விரிப்பதற்குச் சமம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அவசரப் பேச்சும் மௌனமும் மட்டுமே வழிகள் அல்ல. மூன்றாவது வழி ஒன்று உண்டு: தெரிந்ததைச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, அடுத்த தகவல் எப்போது வரும் என்று சொல்வது.

கோறனி நச்சில் காலத்தில், சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லாவின் அன்றாடச் செய்தியாளர் சந்திப்பை உங்கள் குடும்பத்தாரும் பார்த்திருப்பார்கள். அலங்காரப் பேச்சு இல்லை. இன்று எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் இறந்தனர். எண்கள் நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் மறுநாளும் அவர் வந்தார். மக்கள் நம்பியதற்கு அந்தத் தொடர்ச்சி ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. 2021-இல் சுகாதார அமைச்சு இன்னும் ஒரு படி மேலே போய், தொற்றுத் தரவுகளைக் கிட்ஹப் தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கும்படி வெளியிட்டது. "எங்களை நம்புங்கள்" என்று சொல்வதற்கும், "இதோ தரவு, நீங்களே சரிபாருங்கள்" என்று சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! இரண்டாவதுதான் அறிவியலின் மொழி. இணையத் தொழில்நுட்பம் மக்கள் தொடர்புத் துறைக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசு வேகமல்ல, இந்தத் திறந்த கதவுதான் என்பேன்.

நீங்களும் இந்தப் பணியில்தான் இருக்கிறீர்கள்

உங்கள் அறிவியல் கழகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை யார் நடத்துகிறார்? உங்களில் ஒருவர்தானே? அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே மக்கள் தொடர்பு அதிகாரிதான். புலனக் குழுவில் ஒரு செய்தியைப் பகிரும்போதும் யாரோ ஒருவருக்காகச் சம்பளமில்லாமல் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள். அந்த யாரோ உண்மையானவரா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

பகிர்வதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் கேட்கும் கேள்விகளையே கேளுங்கள். இதற்குத் தரவு எங்கே? அளந்தவர் யார்? வேறொருவர் சரிபார்த்தாரா? இது பொய்யாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியவரும்? அரசுச் செய்தி என்றால் செபெனார்ஞா தளத்தில் ஒரு முறை தேடுங்கள். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் உலகம் இடிந்துவிடாது. ஆனால், 15,625 பேருக்குப் போக இருந்த ஒரு பொய் உங்களிடமே நின்றுவிடக்கூடும்.

படிவம் 5 முடித்து ஊடகத் துறைக்குப் போக நினைப்பவர்களே, அறிவியல் நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கருதுகோளைச் சோதிக்கவும், தரவைப் படிக்கவும், "இன்னும் தெரியவில்லை" என்று கூச்சமின்றிச் சொல்லவும் தெரிந்தவர்களுக்காக அந்தத் துறை காத்திருக்கிறது.