பட்டாள உத்தியோகமும் வயதுக் கணக்கும்

மனிதனுக்கு வயது ஏறுவது இயற்கை. ஆனால் எவன் எந்த வயதில் எதைக் கற்கலாம் என்பதை இந்த நாட்டில் இயற்கை ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. பார்ப்பனப் பிள்ளைக்குக் கர்ப்பத்திலிருந்து எண்ணி 8-வது வருஷத்திலும், க்ஷத்திரியப் பிள்ளைக்கு 11-வது வருஷத்திலும், வைசியப் பிள்ளைக்கு 12-வது வருஷத்திலும் பூணூல் போட்டுப் படிப்பைத் துவக்க வேண்டும் என்று மனுதர்ம சாஸ்திரம் விதித்தது. நாலாவது ஜாதிக்கு வயதே குறிக்கவில்லை. எந்த வயதிலும் வரலாம் என்பதல்ல இதன் அர்த்தம். எந்த வயதிலும் வரக் கூடாது என்பதேயாகும்.

அந்தச் சாஸ்திரம் சர்க்கார் புத்தகத்தில் இன்று இல்லை என்பது உண்மையே. ஆனால் வயதைக் காட்டிக் கதவடைக்கும் வித்தை மட்டும் இன்னும் ஒழிந்தபாடில்லை என்பதற்குப் பட்டாளத்து ஆபீசர் உத்தியோகமே போதுமான அத்தாட்சியாகும்.

டெரிடோரியல் ஆர்மி என்னும் பிரதேச இராணுவத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1948-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்து, 1949 அக்டோபர் 9-ந் தேதி அன்றைய கவர்னர் ஜெனரல் தோழர் ராஜகோபாலாச்சாரியாரால் துவக்கி வைக்கப்பட்ட சேமப்படை அது. சொந்தத்தில் பிழைப்புள்ள பட்டதாரி ஒருவர், தம் பிழைப்பை விடாமலேயே, வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெற்று, அவசியம் வரும்போது ஆபீசராக நின்று சேவை செய்யலாம். இதற்கு வயது 18 முதல் 42 வரை. ஆனால் நிரந்தரப் பட்டாளத்துக்கு ஆபீசராகப் போக வேண்டுமென்றால் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது, என்.சி.சி. "சி" சர்ட்டிபிகேட் பெற்ற பட்டதாரி எழுத்துப் பரீட்சை இல்லாமல் நுழையும் விசேஷ வழிக்கு 19 முதல் 25 வயது.

நாம் கேட்பது இதுதான். 42 வயதில் ஒருவன் சேமப்படையில் ஆபீசராகச் சேர்ந்து சிப்பாய்களை நடத்தத் தகுந்தவனானால், 26 வயதுக்காரன் நிரந்தரப் பட்டாளத்தின் வாசற்படியிலேயே கிழவனாய்ப் போனது எப்படி? 42 வயது வரை தகுதியுள்ள உடம்பு, 42-ம் முடிந்த மறுநாள் காலையில் தகுதி இழந்து விடுமா?

"யுத்தத்துக்கு இளமை வேண்டாமா? கிழவர்களையா அனுப்புவது?" என்று சிலர் கேட்பார்கள். நாமும் கிழவர்களை அனுப்பச் சொல்லவில்லை. ஓடச் சொல்லுங்கள், ஏறச் சொல்லுங்கள், டாக்டரைக் கொண்டு பரிசோதியுங்கள், தவறினால் தள்ளுங்கள். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. உடம்பைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துத் தள்ளுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

நிற்க, இந்த வயதுச் சட்டம் கல்லில் வெட்டியதா என்றால் அதுவும் இல்லை. 2022 ஜூன் 14-ந் தேதி அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது சிப்பாய்க்கு மேல்வயது 21 என்றார்கள். வாலிபர்கள் தெருவில் இறங்கியதும், இரண்டே நாளில், அந்த வருஷத்துக்கு மட்டும் 23 என்று மாற்றினார்கள். இராணுவத்தில் இறந்தவரின் விதவைக்கு, 27 என்றுள்ள வயதை 35 வரை நீட்டியிருக்கிறார்கள். இது நல்ல காரியமே, பாராட்டுகிறோம். உயர்பட்டம் பெற்ற டாக்டருக்கும் 35 வரை இடமுண்டு. 2008-ல் கிரிக்கெட் வீரர் கபில்தேவுக்கும், 2009-ல் நடிகர் மோகன்லாலுக்கும் இதே பிரதேச இராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தபோது இருவருக்கும் வயது 49. அது வெறும் கௌரவம் என்பதும், பரீட்சை எழுதிப் பெறுவதல்ல என்பதும் நமக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்வதும் நமது நோக்கமல்ல. புகழுக்கு வயது கேட்காத சர்க்கார், உழைப்புக்கு மட்டும் ஏன் வயது கேட்க வேண்டும் என்பதே நமது கேள்வி.

அன்றியும், அந்த வயதுக் காகிதத்தின் யோக்கியதைதான் என்ன? நம் கிராமங்களில் பிள்ளையைத் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று வைத்து, வாத்தியாருக்குத் தோன்றிய ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக் கொண்ட காலம் வெகு தூரத்தில் இல்லை. அந்தத் தேதியே பிறகு தலையெழுத்தாகி விடுகிறது. ஆனால் அதே வீட்டில் ஜாதகம் மட்டும் நாழிகை, விநாடி தவறாமல் எழுதிப் பெட்டியில் பத்திரமாக இருக்கும்! சனி எந்த வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்த தகப்பனாருக்கு, மகனின் பிறப்பு பதிவானதா என்று தெரியாது. இந்த மடமைக்குச் சர்க்காரைக் குறை கூறிப் பயனில்லை. 1869-ல் சுரேந்திரநாத் பானர்ஜி ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறியும் வயதுத் தகராறால் தள்ளப்பட்டு, இந்து வழக்கப்படி கர்ப்பத்திலிருந்து எண்ணிய கணக்கு அது என்று வழக்காடித்தான் இடம் பெற்றார். தரைப்படைத் தலைவராயிருந்த ஜெனரல் வி. கே. சிங் பிறந்தது 1950-லா 1951-லா என்ற தகராறு 2012-ல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சேனாதிபதியின் வயதே இந்தக் கதியானால், கூலிக்காரன் மகனின் வயதை யார் சரிபார்ப்பது?

இனி, இளமைப் பயிற்சியைக் கவனிப்போம். 1922 முதல் டேராடூனில் ஒரு இராணுவக் கல்லூரி இருக்கிறது. ஆபீசர் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதே அதன் வேலை. அங்கே சேரும் வயது பதினொன்றரை முதல் 13. மனு க்ஷத்திரியனுக்குக் குறித்த வயதோடு இது ஒட்டி நிற்பது தற்செயல்தான் என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் அதன் பரீட்சையை இங்கிலீஷிலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்பதும் தற்செயலா? பதினொரு வயதில் இங்கிலீஷில் கணக்குப் போடும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை? அமராவதி நகரில் 1962 முதல் ஒரு சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் இந்தச் செய்தி எத்தனை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? 1948-ல் சட்டமாகிய என்.சி.சி. எத்தனை கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது?

ஆகவே, பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பதினொரு வயதில் தெரிகிற வழி, நம் பிள்ளைக்கு 23 வயதில், கல்லூரியின் கடைசி வருஷத்தில், யாரோ ஒருவர் சொல்லித் தெரிகிறது. தமக்கைக்குக் கலியாணம் முடித்து, தகப்பன் வாங்கிய கடனைக் கட்டி நிமிர்ந்து பார்ப்பதற்குள் 25 கடந்து விடுகிறது. அப்போது "வயது போய்விட்டது" என்கிறார்கள். வயது போகவில்லை, தோழர்களே! வழி தெரியாத வீட்டில் பிறந்ததற்கு அபராதம் வாங்கப்படுகிறது. சிவில் உத்தியோகப் பரீட்சைகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு 5 வருஷமும், பிற்பட்டவர்களுக்கு 3 வருஷமும் வயதுச் சலுகை தரும் சர்க்கார், பட்டாளத்து ஆபீசர் பரீட்சையில் ஒரு நாள் கூடத் தருவதில்லை.

"பட்டாளத்தில் தகுதிதான் முக்கியம்" என்பார்கள். இந்தத் தகுதிப் பேச்சும் நமக்குப் புதிதல்ல. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் என்னும் வெள்ளைக்காரத் தளபதி, சென்னை மாகாணத்தார் போருக்கு ஏற்ற ஜாதியல்ல என்று முடிவு கட்டினார். அந்தக் கொள்கையால் சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலக யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டதும், அதே மாகாணத்தில் மறுபடியும் ரெஜிமெண்டு திரட்டினார்கள். இடையில் நம் இரத்தம் மாறியதா? அவர்கள் தேவை மாறியது, அவ்வளவே.

ஆகையால் நாம் கேட்பது பிச்சையல்ல. முதலாவது, குடும்பத்தில் முதல் முதல் பட்டம் பெற்றவருக்கும் தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட வகுப்பாருக்கும், உடற்சோதனையில் எள்ளளவும் தளர்த்தாமல், வயதில் மட்டும் 5 வருஷம் விலக்குக் கொடுக்க வேண்டும். சேமப்படையில் 42-ஐத் தாண்டியவரையும் உடம்பையும் தொழில் திறமையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், கிராமத்துப் பள்ளிகளிலெல்லாம் என்.சி.சி. வைக்க வேண்டும், பெண்களும் பிரதேச இராணுவத்துக்குத் தகுதியுள்ளவர்களே என்று டில்லி ஹைகோர்ட்டு 2018-லேயே சொல்லிவிட்டது. மூன்றாவது, பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சையைத் தாய்மொழியில் வைக்க வேண்டும்.

தோழர்களே! சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிள்ளை பிறந்தால் ஜோசியனைத் தேடி ஓடாமல் பிறப்புப் பதிவுக்கு ஓடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் என்.சி.சி. ஏன் இல்லை என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் போய் இந்த வழிகளைச் சொல்லுங்கள். சாஸ்திரம் நமக்கு வயதே குறிக்காமல் விட்டது. அந்தக் காலியிடத்தை நாமே எழுதி நிரப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.