டீ குடியுங்கள், மாத்திரையோடு மட்டும் வேண்டாம்!

டீ உடம்புக்கு நல்லது என்று ஒரு நாள் பேப்பரில் வருகிறது. கெடுதல் என்று மறுநாள் வருகிறது. இரண்டையும் டீ குடித்துக்கொண்டேதான் படிக்கிறோம்! ஆனால், பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு ஆராய்ச்சி முடிவு மட்டும் எங்கள் காசிமேடு பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த வீட்டுப் பெண் ஏழு மாத கர்ப்பிணி. 11 பாயிண்டாவது இருக்க வேண்டிய ரத்தம் 8 பாயிண்டுதான் இருக்கிறதாம். "மாத்திரையை ஒழுங்கா போடறதில்லையா?" என்று ஆஸ்பத்திரியில் திட்டு வேறு. "ஒரு நாள்கூட விட்டதில்லக்கா. தண்ணில முழுங்கினா குமட்டுது. அதான் டீயோட போட்டுக்கிறேன்" என்று என்னிடம் அழுதாள். மாதாமாதம் மாத்திரை கொடுத்தவர்களில் ஒருவர்கூட, "எதோடு விழுங்குகிறாய்?" என்று கேட்டதில்லை.

டீயின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்கள், கீரை, பருப்பு, மாத்திரை ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரும்பு மருந்தோடும் அரிசிச் சாப்பாட்டோடும் டீ கொடுத்துப் பார்த்து, தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடித்தால் இந்தப் பாதிப்பு குறைகிறது என்று 2017-ல் இங்கிலாந்துப் பெண்களிடம் நடந்த ஆய்வு சொன்னது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று 2024-ல் அறிவுறுத்தியது.

டீயே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. தினம் இரண்டு கப்புக்கு மேல் டீ குடிப்பவர்களிடம் இறப்பு விகிதம் சற்றுக் குறைவு என்று 2022-ல் இங்கிலாந்தில் சுமார் 5 லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு சொன்னது. ஆனால், அங்கே நாஷ்டா சாப்பிட்டுவிட்டு டீ குடிக்கிறார்கள். இங்கே நாஷ்டாவே டீதான்! விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவளும், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்கு ஓடுகிறவளும் ஒரு டீ, ஒரு பன்னில் பசியை அடக்கிக்கொள்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதுதான் இவர்களுக்கு. அதற்கு மேலேயும் ஒரு டீ!

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்கு டீ மட்டுமே காரணமில்லை. ஆனால், காசு செலவில்லாமல் திருத்திக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதானே?

மாத்திரை கொடுக்கும் நர்ஸம்மாக்கள், "டீயோட போடாதம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மாத்திரை அட்டையிலேயே இதைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சடித்தால் என்ன? படித்த தோழியரே, உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், மீன் கொண்டுவரும் அம்மாவுக்கும் நீங்களாவது சொல்லுங்கள். சாப்பாட்டோடு கொஞ்சம் எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த வீட்டுப் பெண்ணை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு தண்ணீரில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது குமட்டல் குறைந்திருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அவளோடு நானும் காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, காசிமேடு.